பத்திக்கு வெளியே

ஈரோடு மேட்டூர் ரோட்டில், ஒரு நகைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது நேர்கோடு பயிற்சி மையம். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தேய்த்துப் பதமாக்கி அனுப்புகிற இடம். அங்கே மௌனிகாவுக்குக் கத்தரி என்று பேர். தர்க்கப் பகுதிக் கேள்விகளில் எவ்வளவு கண்ணீர் கொட்டிக் கிடந்தாலும் நறுக்கென்று வெட்டிப் போட்டுவிட்டு, விதி என்ன, நடந்தது என்ன என்று இரண்டே வரியில் கொண்டுவந்து நிறுத்துவாள்.

ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி. விதி: உரிமையாளர் சம்மதமில்லாமல் அடுத்தவர் வீட்டில் நுழைவது குற்றம். நடந்தது: அரிவாளோடு துரத்துகிற கணவனிடமிருந்து தப்ப, ஒரு பெண் பக்கத்து வீட்டுப் பூட்டை உடைத்து உள்ளே ஒளிந்துகொள்கிறாள். குற்றமா, இல்லையா? வகுப்பில் பாதிப் பேர் இல்லை என்றார்கள். மௌனிகா பதினெட்டாவது நொடியில் திரையில் குற்றம் என்று தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள்.

"இல்லைன்னு போட்டவங்க எந்திரிங்க," என்றார் தேவசகாயம் சார். நாகர்கோவில்காரர். கோர்ட்டில் எடுபடாமல் போய், கோச்சிங்கில் எடுபட்டவர். "அரிவாளுக்கு விதியில எடம் இருக்கா? இல்ல. அப்ப அரிவாள் பத்திக்கு வெளியே. உங்க இரக்கமும் பத்திக்கு வெளியே. ஹாலுக்குள்ள போகும்போது செருப்ப வெளியே விடுற மாதிரி அதையும் விட்டுட்டுப் போங்க. திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமா அது? பதினெட்டு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து, கண்ணெதிரே ஒருத்தி அரிவாளுக்குப் பயந்து ஓடுகையில் கடிகாரத்தைப் பார் என்று பழக்குகிறார்கள். அதற்குப் பேர் படிப்பு. அதில் மௌனிகா முதலாவதாக வந்தாள்.

இன்னொரு நாள், பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். "சார், பரீட்சையில நெஜக் கேசும் வருதுன்னு சொல்றாங்களே, உண்மையா?"

"உண்மைதான். நாலு வருஷமா வருது," என்றார் சார். "சின்னச் சின்னத் தொழில் வழக்கெல்லாம் லட்சக்கணக்குல தேங்கிப் போச்சு. மெஷினை வெச்சுத் தீர்ப்பு எழுதிப் பாத்தாங்க. ஒரு மனுஷனோட வழக்கை மனுஷ மூளைதான் முடிவு பண்ணணும்னு மேல ஆர்டர் வந்துருச்சு. சரி, நல்லாத் தீட்டின மூளை எங்க இருக்கு? வருஷத்துக்கு ஒரு நாள், நாப்பதாயிரம் மூளை ஒரே நேரத்துல பரீட்சை ஹால்ல உக்காந்திருக்கு. சம்பளமும் கேக்காது. அதனால மெஷின் வழக்கைப் படிச்சு, ஆள் பேரு, ஊரு, தொழில் எல்லாத்தையும் மாத்தி ஒரு பத்தியா எழுதும். தர்க்கப் பகுதியோட அறுபது கேள்வியில ஒண்ணா அதையும் சொருகும். ஒவ்வொரு மையத்துக்கும் ஒவ்வொரு வழக்கு. நீங்க தொடுறீங்க பாருங்க, அ, ஆ, இ, ஈ, அதுதான் தீர்ப்பு."

"எது நெஜம்னு எப்படி சார் கண்டுபிடிக்கறது?"

"முடியாது. முடியவும் வேண்டாம்."

மௌனிகா கையைத் தூக்கினாள். "சார், நெஜக் கேசுக்கு விடை முன்னாடியே யார்கிட்டயும் இருக்காதே. அப்புறம் எப்படி மார்க் போடுவாங்க?"

"அதிகம் பேரு எதைத் தொடுறாங்களோ அதுதான் விடை. நீ மாத்தித் தொட்டா தீர்ப்பு மாறாது, உன் ஒரு மார்க்குதான் போகும். அந்த ஒரு மார்க்குல முந்நூறு பேரு உன்னைத் தாண்டிப் போயிருவான்."

"இது விதிமுறைப் புத்தகத்துல இருக்குதுங்களா?"

"எழுதல. நான் சொல்றேன்," என்றார் சார். மௌனிகா நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சவங்க கேசே வந்துட்டா?" என்று அந்தப் பையன் விடவில்லை.

"ஓரத்துல ஒரு பட்டன் இருக்கும், 'இவ்வழக்கை அறிவேன்'னு. அமுக்கினா வேற கேள்வி குடுப்பாங்க. கூடவே உன் ரிசல்ட்டை நிறுத்திவெச்சு விசாரணைன்னு இழுப்பாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு அமுக்கிச்சு. இன்னும் விசாரணை நடக்குது." சார் மார்க்கரை மூடினார். "அந்தப் பட்டன் அங்க இல்லவே இல்லைன்னு நெனைச்சுக்கோங்க."

மௌனிகாவுக்கு அந்த வருஷம் இடம் கிடைத்தே தீர வேண்டும். முதல் நூறு பேருக்குத்தான் இலவச இடம். அதைவிட்டால் அவள் வீட்டு நிலைமைக்கு வேறு வழி கிடையாது. அவள் வக்கீலாக ஆசைப்பட்டதற்குக் காரணமே அப்பாவின் வழக்குதான்.

அப்பா அர்த்தநாரி, பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் ஆப்பரேட்டராக இருந்தவர். பத்தொன்பது வருஷம். அழுத்தம் குறித்த அளவுக்கு மேலே இருக்கும்போது ஆப்பரேட்டர் எந்தக் காரணத்துக்காகவும் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது விதி. பட்டறை நிர்வாகம் ஒரு நாள் புதிதாக ஒரு ரேகை மெஷினைக் கொண்டுவந்து வாசல் கேட்டில் மாட்டியது. நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் அங்கே போய் விரல் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். பாய்லரிலிருந்து கேட் இருநூற்றுப் பத்து மீட்டர். மாற்று ஆளையும் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். போகவர ஆறு நிமிஷம். நாலு வருஷம் தினமும் அந்த ஆறு நிமிஷம் நடந்தார் அர்த்தநாரி.

"இதென்னுங்க அநியாயம், ஒரு கண்ணு பாய்லர்லயும் ஒரு கண்ணு கேட்டுலயும் வெக்க முடியுமா?" என்று மூன்று தடவை மனு எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கையெழுத்துக் கோணும். மூன்று மனுக்களையும் எழுதிக் கொடுத்தது, அப்போது பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மௌனிகா.

அப்புறம் ஒரு நாள் அந்த ஆறு நிமிஷத்துக்குள் நீராவிக் குழாய் வெடித்தது. பக்கத்தில் துணி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுக்ராம் என்கிற ஜார்க்கண்ட் ஆள் வெந்து செத்துப்போனார். முப்பத்து நாலு வயது. வேலைக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஆப்பரேட்டர் இடத்தில் இல்லை என்பதற்கு நிர்வாகம் காட்டிய சாட்சி எது தெரியுமா? அதே ரேகை மெஷின். பன்னிரண்டு மணி மூன்று நிமிஷத்துக்கு அர்த்தநாரியின் பெருவிரல் கேட்டில் இருந்திருக்கிறது. மூன்று மனுக்களையும் ஒட்டிவைத்திருந்த ஷிப்ட் நோட்டு மட்டும் காணாமல் போய்விட்டது. நகல் எடுத்து வைக்கிற புத்தி அப்பாவுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை.

வழக்கு தொழில் சிறுவழக்கு மன்றத்தில் மூன்றாவது வருஷமாகக் கிடந்தது. அர்த்தநாரி இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் சமையலுக்கு ஸ்டீம் விடுகிற வேலை பார்த்தார். "பத்தொம்பது வருஷம் சாயத்துக்கு ஆவி விட்டேன், இப்ப இட்லிக்கு உடறேன். இட்லி யாரையும் கொல்லாது," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரும்போதுதான் அந்தச் சிரிப்பு போய்விடும்.

பரீட்சைக்கு முந்தின வாரம், மத்தியானச் சாப்பாட்டின்போது கேட்டார். "ஏம்மிணி, உன்ற பரிச்சையில நெஜக் கேசு வருதாமே? என்ற கேசும் வருமா?"

"லட்சக்கணக்குல கேசு இருக்குதுங்கப்பா. நம்முளுதா வரப்போகுது?"

"வந்தா நல்லதுதான். படிச்ச புள்ளைங்க பாத்தா நாயம் தெரியும்." ரசத்தை ஊற்றிக்கொண்டார். "எனக்கு வேலை போனது பெருசில்ல கண்ணு. லைசென்சு போனாலும் போவுது. தீர்ப்பு வந்தா அந்த சுக்ராம் சம்சாரத்துக்கு ஒரு நகல் போகுமாம், அவங்க பாஷையில. எங்கியோ ஒரு ஊர்ல ரெண்டு குழந்தைங்களை வெச்சுக்கிட்டு அந்தப் புள்ள அதைப் படிக்கும். என்ற புருசனைக் கொன்னது அர்த்தநாரின்னு அதுல எழுதியிருக்கக்கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

"இருக்காதுங்கப்பா," என்றாள் மௌனிகா. மனதார நம்பித்தான் சொன்னாள்.

பரீட்சை கோயமுத்தூரில், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில். ஹாலில் ஏசி ஓடியது. முப்பத்தாறு கேள்விகளை மௌனிகா நினைத்ததைவிட வேகமாக முடித்துவிட்டாள். முப்பத்தேழாவது கேள்வி திரையில் வந்தது.

விதி: ரயில்வே கேட் காவலர், சிக்னல் எரியும்போது எந்தக் காரணத்துக்காகவும் கேட்டைவிட்டு நீங்கலாகாது. நடந்தது: காவலர் ஒருவர், நடுப்பகல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட இருநூற்றுப் பத்து மீட்டர் தொலைவில் உள்ள நிலையத்துக்குச் சென்றார். சென்று திரும்ப ஆறு நிமிடம். நான்கு ஆண்டுகளாக இதுவே வழக்கம். அந்த ஆறு நிமிடத்தில் நேர்ந்த விபத்தில், பணியில் சேர்ந்து பதினோரு நாட்களே ஆன தொழிலாளி ஒருவர் இறந்தார். மரணத்துக்குப் பொறுப்பு யார்? அ: காவலர். ஆ: நிர்வாகம். இ: இருவரும். ஈ: தீர்மானிக்க இயலாது.

அவள் முதலில் வழக்கம்போல விதியைப் பார்த்தாள், "எந்தக் காரணத்துக்காகவும்" என்பதில் விரல் போய் நின்றது. அப்புறம்தான் எண்கள் உறைத்தன. இருநூற்றுப் பத்து. ஆறு. நான்கு. பதினோரு நாள். பேரை மாற்றலாம், பாய்லரை ரயில்வே கேட்டாக்கலாம், எண்ணை மாற்றினால் தர்க்கம் மாறிவிடும் என்று மெஷின் எண்களை அப்படியே விட்டுவைத்திருந்தது. அப்பா திரையில் நின்றுகொண்டிருந்தார், காக்கிச் சட்டையும் கொடியுமாக.

கடிகாரம் ஓடியது. ஓரத்தில் அந்தப் பட்டன் இருந்தது. 'இவ்வழக்கை அறிவேன்.' நேர்மையாக அமுக்கலாம். அமுக்கினால் ரிசல்ட் நிற்கும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. அதற்குள் அவளை ஏதாவது பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆ என்று தொடலாம். மூன்று மனுக்களையும் எழுதின விரல் இதுதான். நிர்வாகத்துக்குத் தெரிந்தே நடந்தது என்பது இந்த ஹாலில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் பத்தியில் மனு இல்லை, நோட்டு இல்லை, மாற்று ஆளை நிறுத்திய கதை இல்லை. பத்தியை மட்டும் படிக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் அ என்றுதான் தொடுவார்கள். இந்த மையத்தில் மட்டும் நாலாயிரம் பேர். அப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பு வரப்போகிறதென்றால் அது ஏற்கெனவே வந்துவிட்டது. அவள் ஆ என்று தொட்டால் அப்பாவுக்கு ஒரு நயா பைசா பிரயோஜனமில்லை, அவள் ஒரு மார்க்கை இழப்பாள், முந்நூறு பேர் தாண்டிப் போவார்கள், இடமும் போகும். அ என்று தொட்டால் இடமாவது மிஞ்சும். வக்கீலாகி மேல்முறையீடு செய்து அப்பாவை மீட்கலாம். ஆகவே அப்பாவுக்காகவே அ என்று தொட வேண்டும்.

ஒவ்வொரு படியும் சரியாக இருந்தது. அவளே இரண்டு தடவை சரிபார்த்தாள். பாவிப் பெண், அடிப்படி எதன்மேல் நிற்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

அ என்று தொட்டாள். நாற்பத்தொரு நொடி ஆகியிருந்தது. மிச்சக் கேள்விகளை எப்படி முடித்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை, பழகின கை பார்த்துக்கொண்டது.

ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. மாநிலத்தில் நான்காவது. அதைவிடப் பெரிய செய்தி, கோயமுத்தூர் மையத்தில் எழுதிய எல்லாரிலும் தர்க்கப் பகுதியில் ஒரு தவறுகூட இல்லாதவள் அவள் ஒருத்திதான். நேர்கோடு மையத்துக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு எதிரே பேனர் கட்டினார்கள். 'கோயமுத்தூர் மையத்தில் தர்க்கத்துக்கு முழு மதிப்பெண் பெற்ற ஒரே மாணவி' என்று ஆள் உயரத்துக்கு அவள் முகம். அர்த்தநாரி மண்டபத்தில் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்து, பேனர் முன்னால் நின்று, போகிற வருகிற ஆட்களிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். "என்ற மகளுங்க," என்றார் ஒவ்வொருவரிடமும். டீக்கடைக்காரருக்கு இரண்டு தடவை சொன்னார்.

மௌனிகாவால் அந்தப் பேனரைப் பார்க்க முடியவில்லை. வேறு தெரு வழியாகப் போய்வந்தாள். அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது, நாலாயிரத்தில் ஒன்று என்று அடக்கிக்கொண்டாள்.

ஆடி பிறந்து நாலாம் நாள் மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. தீர்ப்பு தயார், நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். அர்த்தநாரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கூட மகள். மன்றம் என்றால் நீதிபதி, மேடை எல்லாம் இல்லை, ஒரு கவுன்ட்டர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு தாள்களைத் தள்ளினார்.

மௌனிகா வாங்கிப் படித்தாள். முதல் தாளில் அவள் எதிர்பார்த்ததுதான் இருந்தது. சுக்ராம் மரணத்துக்கு ஆப்பரேட்டர் அர்த்தநாரியே முழுப் பொறுப்பு. உரிமம் நிரந்தர ரத்து. நிர்வாகம் விடுவிக்கப்படுகிறது. நகல் இறந்தவரின் மனைவிக்கு அனுப்பப்பட்டது. இரண்டாவது தாளில், தீர்வு எட்டப்பட்ட முறை என்ற தலைப்பில் சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது.

அதை அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"என்னம்மிணி போட்டிருக்குது?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. நமக்கு எதிராப் போயிருச்சு. மேல பாத்துக்கலாம்."

"எதிராப் போச்சா." மகளின் பக்கமாக நகர்ந்து நின்றார். "அந்தப் புள்ளைக்கு நகலு போயிருச்சாமா?"

"போயிருச்சாமுங்க."

அர்த்தநாரி அவள் கையிலிருந்து தாளை வாங்கினார். அவள் விடாமல் ஒரு கணம் பிடித்திருந்தாள். பத்தொன்பது வருஷம் பாய்லர் கேஜின் முள்ளைப் பார்த்த கண், சின்ன எழுத்தானாலும் படித்துவிடும். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, வாய்க்குள்ளே படித்தார்.

"கோயமுத்தூர் மையம், வினா எண் 37. வழக்கு வினா என்பதால் இதற்கு மதிப்பெண் இல்லை. ஏனைய ஐம்பத்தொன்பது தர்க்க வினாக்களுக்கும் பிழையின்றி விடையளித்தோரின் முடிவே தீர்வாகக் கொள்ளப்படும். அத்தகையோர்: ஒருவர். அவர் தேர்ந்த விடை: அ. மற்ற தேர்வர்களில் எழுபத்தொரு சதவீதத்தினர் ஆ எனக் கருதினர். அவ்விடைகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை."

நாலாயிரமும் இல்லை, பெரும்பான்மையும் இல்லை, ஒரு மார்க்கும் இல்லை. ஆ என்று தொட்டிருந்தால் அப்பா தப்பியிருப்பார், அவள் இடமும் அப்படியே இருந்திருக்கும். பட்டறைப் பக்கமே போயிராத, கத்தரி பிடிக்கத் தெரியாத, சுமாராகப் படிக்கிற நூற்றுக்கு எழுபத்தொரு பிள்ளைகள் அந்தக் கேட் காவலர்மேல் பாவப்பட்டுப் பத்திக்கு வெளியே போயிருந்தார்கள். மூன்று மனுக்களை எழுதினவள் உள்ளேயே இருந்துகொண்டாள். புத்தகத்தில் இல்லாத எதையும் நம்பாதவள், சார் வாயால் சொன்ன ஒன்றை மட்டும் நம்பினாள்.

அர்த்தநாரி தாளைக் கண்ணாடியில் தட்டினார். "ஏனுங்கம்மா, இந்த ஒருத்தரு யாருன்னு சொல்லுவீங்களா?"

"பேரெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க பெரியவரே," என்றார் கவுன்ட்டர் அம்மாள்.

"கோயமுத்தூர்ல எழுதுனவங்கதானுங்களா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"ஒருத்தருதானா? ரெண்டு மூணு பேரு இல்லையா?"

"ஒருத்தர்னா ஒருத்தர்தான். தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

அவர் தள்ளி நின்றார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பஸ் ஸ்டாண்டுப் பேனரில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஊரெல்லாம் அவரே வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார். பேனரில் ஒரு வாக்கியம், தாளில் ஒரு வாக்கியம், சேர்த்தால் ஒரு முடிவு. அதற்குக் கோச்சிங் எதுவும் தேவைப்படவில்லை.

வெளியே வெயிலில் படிக்கட்டு இறங்கினார்கள். கடைசிப் படியில் அவர் நின்றார். கோபமாக இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அந்தக் கேள்விய பாத்தப்ப, அது நாந்தான்னு உனக்குத் தெரிஞ்சுதா அம்மிணி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். காலில் விழுந்து அழுதிருக்கலாம். தெரியாது என்று முழுப்பொய்யாவது சொல்லியிருக்கலாம், அதையும் அவர் நம்பியிருப்பார். அவள் வாயைத் திறந்தாள். இரண்டு வருஷம் தீட்டின மூளை அவளைக் கேட்காமலே முந்திக்கொண்டது.

"பத்தியில உங்க பேரு இல்லீங்கப்பா."

அர்த்தநாரி மகளைப் பார்த்தார். யாரோ முன்பின் தெரியாத ஒரு அதிகாரியைப் பார்க்கிற மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது. மெல்லத் தலையாட்டினார்.

"சரிங்க," என்றார். பிறந்த நாளிலிருந்து அவளிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை.